இனிமேல் கொதிக்காத வேன்

நுவரெலியாவுக்கு இத்தனை வருடமாக மூடுபனி வழங்கி வந்தது வானம் அல்ல, என் பழைய வேனின் ரேடியேட்டர்தான். அந்த மாபெரும் சேவை இன்று காலையோடு முடிந்தது.

கராஜில் ரேடியேட்டரைக் கழுவினார்கள். முதலில் வந்த தண்ணீர் சாயம் கூடிப்போன, பால் சேராத பிளேன்டீ போல இருந்தது. அடியில் மண்.

"என்னண்ணே, ஓடைத் தண்ணியவா ஊத்துனீங்க?" என்றான் மெக்கானிக் ரவி.

"நான் எங்கடா ஊத்துனேன்? எல்லாம் உங்க அண்ணி ஊத்துனது."

அவன் குழாயை மறுபடி திறந்துவிட்டான். மூன்று மாதத்துக்கு முன்னால் அவளைக் கடைசியாகத் தூக்கிப் போனபோது தோள் கொடுத்தவன் அவன்.

கந்தப்பளை மேட்டில் வேன் கொதிக்கும்போதெல்லாம் ஓடையில் போத்தலை நிரப்பி வருவது அவள்தான். எஞ்சின் ஆறும்வரை பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, நான் வண்டி ஓட்டும் லட்சணத்தை உலகத் தரத்தில் திட்டுவாள்.

தண்ணீர் தெளிந்ததும் ரவி பச்சைக் கூலன்ட்டை ஊற்றினான்.

"இனி கொதிக்காதுண்ணே. சீட்டுக்கடியில கெடக்குற போத்தல வீசிரவா?"

"இருக்கட்டும்டா."

திரும்பி வரும்போது மேட்டில் சூடு காட்டும் முள் அசையவே இல்லை. ஆனாலும் ஓடையருகே நிறுத்தினேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டி, "என்னங்க, கொதிக்குதா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

நாளைக்கும் அந்த வழிதான். நல்ல வண்டியை அங்கே நிறுத்த, நாலு பேர் நம்புகிற காரணம் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள்.