கடைவாய்ப் பல் என்று சொன்ன பொய்

மகள் கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கையில், லேசாகத் தொங்கிய கன்னத்தைத் தூக்கிவிட, விழுப்புரத்தில் ஒரு கிளினிக்கில் தோலுக்கடியில் நூல் போட்டுக்கொண்டேன். கன்னத்தை அழுத்தக் கூடாது, சூடு படக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். திண்டிவனத்தில் வீட்டாரிடம் சொல்ல வெட்கப்பட்டு, கடைவாய்ப் பல் பிடுங்கியதாகச் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் இடது கன்னம் வீங்கியது. என் நாத்தனார் கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி எடுத்து வந்தாள்.

"பல்லு வீக்கம் இதுல வடிஞ்சிடும் அண்ணி. பேசாம படுத்துக்கினு இருங்க."

அழுத்தி அழுத்தி ஒத்தடம் கொடுத்தாள். உள்ளே நூல் நகர்வது எனக்குத் தெரிந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. மறுநாளும் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் கொதித்தது. இடது கண் பாதி மூடிக்கொண்டது. நாத்தனாரே என்னைப் பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எல்லாப் பல்லும் இருக்கேம்மா. எதைப் பிடுங்கினாங்க?"

நாத்தனார் என்னையே பார்த்தாள். உண்மையைச் சொன்னேன். இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் சீழ் கண்ணுக்கு ஏறியிருக்கும் என்று சொல்லி, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே நூலை எடுத்தார்கள்.

கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் என் கன்னத்தில் பிளாஸ்திரி இருக்கிறது. இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் நாத்தனாரைக் கூட்டிப்போகிறேன். நான் மறைப்பதையும் அவள் சொல்லிவிடுகிறாள்.