மிச்சம் வைக்காத கை

நான் வேலை செய்யும் இடத்தில் எதையும் கழுவுவதற்கு முன்னால் கொல்ல வேண்டும். சிங்கப்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். குடுவைகளில் கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கல் நிற்கும். அது முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். மருந்தை ஊற்றி, அரை மணி நேரம் காத்திருந்து, அப்புறம்தான் சாக்கடையில் விட வேண்டும். வந்த புதிதில் அந்த அரை மணி நேரமும் குடுவையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். அங்கே என்ன நடக்கிறது என்று யாரையும் கேட்க வாய் வராது. அங்கே ஆராய்ச்சி செய்யும் மெய் என்ற சீனப் பெண்தான் ஒரு நாள் தானாகவே பாசிமணி கோத்துக் காட்டி, போனில் தமிழாக்கிச் சொன்னார். உயிருள்ள எதன் உடம்பிலும் புரதம் என்பது இருபது வகை மணிகளைக் கோத்த மாலை மாதிரியாம். அவர் இருபத்தொன்றாவதாக, மனிதர் செய்த ஒரு மணியையும் சேர்த்துக் கோக்கும்படி அந்த நுண்ணுயிர்களை மாற்றியிருக்கிறார். இராஜபாளையத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் இதைப் போனில் சொன்னேன்.

“அமினோ அமிலம் இருபதுதான்ப்பா. புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு.”

“இங்க இருபத்தொண்ணு இருக்கு தாயி. அந்தக் குடுவைய நான்தான் கழுவுதேன்.”

“அப்ப நீங்க வந்து பரீட்சை எழுதுங்க. நான் போயி குடுவை கழுவுதேன்.”

அந்த இருபத்தொன்றாவது மணி இல்லாமல் அந்த நுண்ணுயிர்களால் உயிரோடிருக்க முடியாது. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். தப்பித்து வெளியே போனாலும் மண்ணிலோ ஆற்றிலோ அந்தத் தீனி கிடைக்காது, செத்துவிடும். என் அறையில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னபோது, நாமும் அதே சாதிதான், ஊர்த் தீனி இல்லாமல் எத்தனை நாள் தாங்குவோம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்த ஒன்று என்னோடு விமானம் ஏறி வந்து, இங்கேயும் நன்றாகவே பிழைத்துக்கொண்டிருக்கிறது.

அந்தத் தீனி ஒரு சின்னப் புட்டியில், வெளிச்சம் படாமல் வெள்ளித் தாள் சுற்றி இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை தாள் கழன்று, கழுவ வேண்டிய வெறும் புட்டிகளுக்குப் பக்கத்தில் அது இருந்தது. அடியில் ஒரு விரற்கடை மிச்சம். என் கை எடுத்தது, கவிழ்த்தது, கழுவிக் காயவைத்தது. நான் யோசிக்கவே இல்லை.

அந்தக் கை அப்படிப் பழகியதற்குக் காரணம் உண்டு. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் வெளுக்கும் தொட்டியில் வேலை பார்த்தேன். ஷிப்டு முடிந்து போகிறவன் தொட்டி மருந்தைத் திறந்துவிட்டு, அடுத்து வருகிறவனுக்கு நல்ல தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போக வேண்டும். யாரும் எழுதி வைத்ததல்ல, எங்களுக்குள் ஒரு மரியாதை. ஒரு நாள் டவுன் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மருந்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டேன். அடுத்த ஷிப்டு மாரியப்பன். என்னை நம்பி, தண்ணீர்தான் என்று அதற்கு மேலேயே புது மருந்தை ஊற்றித் துணியைப் போட்டான். மறுநாள் சூப்பர்வைசர் இரண்டு விரலால் இழுத்தார். துணி இடியாப்பம் மாதிரி பிய்ந்து வந்தது.

“ஏலே மாரியப்பா, மருந்து எம்புட்டு ஊத்தணும்னு தெரியாதவனுக்கு எதுக்குலே தொட்டி?”

“அளவாத்தான் ஊத்துனேன் அண்ணாச்சி.” இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அன்றே அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் சிங்கப்பூர் வந்தேன். அதற்குப் பிறகு என் கை எந்தப் பாத்திரத்திலும் எதையும் மிச்சம் வைத்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் மெய் அந்த வெறும் புட்டியைப் பிடித்துக்கொண்டு, அவர்தான் அதைக் காலி செய்தவர் என்பதுபோல, உடன் வேலை பார்க்கும் தாடிக்காரரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மாதக்கணக்காக வளர்த்தவை தீனியில்லாமல் குடுவையின் அடியில் படிந்து கிடந்தன. அவர்கள் பேசிய இங்கிலீஷ் எனக்கு எட்டவில்லை. ஆனால் தாடிக்காரர் இரண்டு கையையும் விரித்தார். அதற்கு மேல் என்னால் அங்கே சும்மா நிற்க முடியவில்லை.

“ஐ வாஷ்,” என்றேன்.

“யெஸ், யெஸ். தேங்க்யூ அங்கிள்.” மெய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழக்கம்போல வேலைக்கு வந்து நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அதோடு நான் நகர்ந்திருக்கலாம். சொன்னதாகவும் ஆகியிருக்கும், தப்பித்ததாகவும் ஆகியிருக்கும். அவர் கையிலிருந்து புட்டியை வாங்கி, தொட்டிக்கு மேல் கவிழ்த்துக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டேன். புரியாமல் பார்த்தார். இன்னொரு முறை கவிழ்த்துக் காட்டினேன். மெய் வாயைப் பொத்திக்கொண்டார். தாடிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உறைபெட்டியில் எடுத்து வைத்த விதையிலிருந்து திரும்பவும் தொடங்கலாமாம், மாதங்கள்தான் போச்சு. வேலை போகும் என்று நினைத்தேன், போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரியப்பனுக்குப் போன் போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பால்கோவா கடையில் கிண்டுகிறான். ஒவ்வொரு லீவிலும் அவனைப் பார்ப்பேன், சிரிப்பான், நானும் சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

“ஏலே சிங்கப்பூரு! என்னலே அதிசயமா? பால்கோவா அனுப்பணுமா?”

“அன்னைக்குத் தொட்டியில நான் தண்ணி பிடிச்சு வைக்கல மாரியப்பா. அது பழைய மருந்து.”

கரண்டி வாணலியை உரசும் சத்தம் நின்றது.

“தெரியும்லே.”

“எப்பத்திலருந்து?”

“அன்னைக்கே. துணிய எடுக்கக் கைய விட்டேன், என்னைக்கும் இல்லாம எரிஞ்சுச்சு.”

“பொறவு ஏம்லே நீ சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.” சற்றுப் பொறுத்துக் கரண்டி மறுபடி உரசியது. “வைக்கட்டுமா? அடி பிடிச்சிரும்.”

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். மதுரையிலிருந்து வரும் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுவிட்டுத்தான் இராஜபாளையம் போகும். என் வீட்டுக்கு முன்னால் அவன் கடை வரும். இப்போது குடுவை கழுவும்போதெல்லாம் மனசுக்குள் அந்தப் பஸ்ஸில்தான் வந்துகொண்டிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிவிடுகிறேன். கடை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால் பஸ் கிளம்பிப் போகிறது. ஜன்னலோரத்தில், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அதிலும் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.