லேடாங் மலைக்குப் பதில் சாஆ: ஒரு செண்டுடுக் வேலியும் ஒரு மலை ரோஸும்

குனோங் லேடாங் மலைக்குக் காட்டு ரோடோடென்ட்ரான் பூ பார்க்கப் போகிறேன் என்று போன பதிவில் பெருமையாக எழுதியிருந்தேன். போகவில்லை. அந்தச் சனிக்கிழமை முழுவதும் சாஆ என்ற சின்ன ஊரில் ஓர் ஆட்டுக் கொட்டகையில் கழிந்தது. மலையேற வழி தேடி இங்கே வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். வீட்டில் ரோடோடென்ட்ரான் வளர்ப்பவர்களும், முக்கியமாக ஆடு வளர்ப்பவர்களும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை பையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தபோது சரசக்கா போன் பண்ணினார். பாசிர் கூடாங்கில் நானும் அவரும் பல வருடம் ஒரே ஷிப்டில், ஒரே தொழிற்சாலை பஸ்ஸில் போய்வந்தவர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் சாஆவுக்குக் குடிபோய் ஆடு வளர்க்கிறார். தலைவலி என்றால்கூட வெளியே சொல்லாத மனுஷி. அன்றைக்குக் குரல் நடுங்கியது.

"மாலா, கறுப்பி காலையிலேர்ந்து ஒண்ணும் திங்கல. வாயில நுரை நுரையா ஒழுகுது. நிக்க முடியாம ஆடுது. வேலிச் செடியோட படத்த கவிதாவுக்கு அனுப்புனேன். அது ரோடோ என்னமோ, ஆட்டுக்கு விஷம்னு சொல்றா. நாளைக்கே ஆள விட்டு வெட்டச் சொல்லிட்டா. நீதான் செடி பைத்தியமாச்சே, கொஞ்சம் வந்து பாக்குறியா?"

கறுப்பி சினையாக இருக்கும் ஆடு. கவிதா, சரசக்காவின் ஒரே மகள், சிங்கப்பூரில் வேலை. அந்த வேலிதான் அக்காவின் ஆடுகளுக்குப் பாதித் தீனி. அதை வெட்டிவிட்டால் அந்த முட்டிவலியோடு அவர் தினமும் செம்பனைக் காட்டுக்குள் போய்ப் புல் அறுக்க வேண்டும். மலை எங்கேயும் ஓடிவிடாது என்று சொல்லி முன்பதிவை ரத்து செய்தேன்.

காலை ஆறு மணிக்குப் பாசிர் கூடாங்கிலிருந்து காரில் கிளம்பினேன். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் யோங் பெங் வரை போய், அங்கே இறங்கி, லாபிஸ் போகும் பழைய சாலையைப் பிடித்தால் சாஆ. மொத்தம் சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர். யோங் பெங்கில் ஒரு தேத்தண்ணியும் ரொட்டி சானாயும் சாப்பிட்டுப் போனால் இரண்டரை மணி நேரம் ஆகும். பழைய சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் முன்னால் போகும். முந்தப் பார்க்காமல் பின்னாலேயே போவது உடம்புக்கு நல்லது.

போனதும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வேலியைப் போய்ப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊரில் எந்த ரோட்டோரத்திலும் ஊதாப் பூவோடு நிற்குமே, செண்டுடுக், அதுதான். பழத்தைத் தின்றால் நாக்கு கறுத்துவிடும். இந்தச் செடிக்கு ஆங்கிலத்தில் சிங்கப்பூர் ரோடோடென்ட்ரான் என்று யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். போனில் இருக்கும் செடி பார்க்கிற செயலியும் அதையே சொல்லியிருக்கிறது. கவிதா முன்பாதியை விட்டுவிட்டு ரோடோடென்ட்ரானை மட்டும் தேடிப் படித்துப் பயந்திருக்கிறாள். இரண்டுக்கும் உறவே கிடையாது.

அக்காவிடம் ஓர் இலையைப் பறித்துக் காட்டினேன். செண்டுடுக் இலையில் காம்பிலிருந்து நுனி வரை மூன்று நரம்புகள் பட்டையாக நீளவாக்கில் ஓடும். ஓரத்தையும் எண்ணினால் ஐந்து. தடவினால் சொரசொரக்கும். பூவில் ஐந்து இதழும் தனித்தனி, ஒவ்வொன்றாகப் பிய்க்கலாம். அசல் ரோடோடென்ட்ரானில் நடுவில் ஒரே நரம்பு, அதிலிருந்து பக்கத்துக்குக் கிளைகள். இலைகள் கிளை நுனியில் கொத்தாக நிற்கும். இதழ்கள் அடியில் ஒட்டிப் புனல் மாதிரி இருக்கும். உதிரும்போது பூ முழுசாகக் கழன்று விழும்.

"இத்தனை வருஷமா இதைத்தானே மேயுது? ஏதாச்சும் ஆச்சா?" என்றேன்.

"இல்லையே. மத்த ஆடெல்லாம் இன்னிக்குக்கூட மேஞ்சிச்சே."

"அப்புறம் என்ன. வெட்ட வர்றவர வேணாம்னு சொல்லிடுங்க."

வந்த வேலை முடிந்தது என்ற நினைப்பில் கையைக் கழுவினேன். அப்போதுதான் கொட்டகையிலிருந்து கறுப்பி பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டது. மூலையில் தலையைத் தொங்கப் போட்டுப் படுத்திருந்தது. வயிறு உப்பி, தாடையெல்லாம் எச்சில். பார்க்கச் சகிக்கவில்லை. வேலி குற்றவாளி இல்லை என்று நிரூபித்துவிட்டேனே தவிர, அதனால் ஆட்டுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

"இது மட்டும் தனியா என்ன தின்னுச்சுக்கா? நல்லா யோசிங்க."

அக்கா யோசித்தார். தவிடு எல்லாவற்றுக்கும் ஒரே வாளி. புல்லும் ஒரே கட்டு. பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "சினையா இருக்கேன்னு இதுக்கு மட்டும் கொஞ்சம் செல்லம். வியாழக்கிழமை சாயங்காலம் மலை ரோஸ் கிளை வெட்டுனேன். பூ முடிஞ்சதும் வெட்டணும்னு கவிதா சொல்லியிருந்தா. குப்பையில போடுவானேன்னு இதுக்குக் குடுத்தேன். ஆசையா தின்னுச்சு."

"ரோஸா? அது ஆட்டுக்கு ஒண்ணும் பண்ணாதே. எங்க இருக்கு, காட்டுங்க."

வீட்டு முன்வாசலில் துளசிக்குப் பக்கத்தில் நல்ல பீங்கான் தொட்டியில் இருந்தது. கேமரன் மலைக்குக் கூட்டாளிகளோடு போனபோது கவிதா அம்மாவுக்கு வாங்கிவந்தது. மலையிலிருந்து வந்ததால் வீட்டில் அதற்குப் பெயர் மலை ரோஸ். கிட்டே போனால் முள் இல்லை. இலைகள் கிளை நுனியில் கொத்தாக நின்றன. தொட்டி ஓரத்தில் வாடிய இளஞ்சிவப்புப் பூ ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தால் முழுப் புனல். இதைத்தான் கடைகளில் அசேலியா என்று விற்பார்கள். அசேலியா ரோடோடென்ட்ரானின் ஒரு வகைதான். ஆட்டுக்கு உண்மையிலேயே விஷம்.

சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். அக்கா நேராகக் கொட்டகைக்குப் போய்க் கறுப்பியின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் முகத்தை முந்தானையால் துடைத்தார். "என் கையாலயே குடுத்தேன் மாலா," என்று மட்டும் சொன்னார்.

லாபிஸ் பக்கம் இருக்கும் கால்நடை மருத்துவர் முதல் நாளே ஊதாப் பூ வேலிச் செடி என்று அக்கா போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு, அதனால் அப்படியெல்லாம் ஆகாது, வேறு ஏதாவது தின்றிருக்கும் என்று சொல்லியிருந்தார். இப்போது சரியான பெயரைச் சொன்னதும் உடனே கிளம்பி வந்தார். கரித்தூள் மருந்தைக் குழாய் வழியாக உள்ளே இறக்கினார், ஊசி போட்டார், சலைனும் ஏற்றினார். கொடுத்தது நாலைந்து கிளைதான் என்பது நல்லதாகப் போயிற்று, சாயங்காலம் வரை பாருங்கள், அசை போட்டால் பிழைத்துவிடும் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் கவிதா கூப்பிட்டாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"மா, வேலி வெட்டற ஆளு வரலன்னு சொல்றாரு. நீங்களா வேணாம்னு சொன்னீங்க?"

"ஆமா. மாலா வந்து பாத்தா. அது செண்டுடுக்காம். ஆட்டுக்கு ஒண்ணும் பண்ணாதாம்."

"அப்ப கறுப்பிக்கு எதனாலமா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். தொழிற்சாலையில் மூட்டை தூக்கிய கை, எனக்கு வலித்தது.

"நான்தான் பாத்துக் குடுக்கல. கண்டதையும் போட்டுட்டேன்," என்றார். மகள் கோபித்துக்கொண்டாள். ஆடு வளர்க்கும் வயசா இது, எல்லாத்தையும் வித்துட்டு என்னோடு வந்து இருங்க என்று நீளமாகப் பேசினாள். அக்கா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். அந்தச் செடியை வாங்கிக் கொடுத்தவள் அவள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றிருக்கும்.

ஐந்து மணி சுமாருக்குக் கறுப்பி எழுந்து நின்றது. கொஞ்சம் தண்ணீர் குடித்தது. பிறகு அதன் தாடை மெதுவாக இடமும் வலமும் அசைய ஆரம்பித்தது. அக்கா அழுதார், நானும்தான். நான் கிளம்பும்போது பீங்கான் தொட்டி என் காரின் பின்பெட்டியில் இருந்தது.

இப்போது அது பாசிர் கூடாங்கில் என் நாலாம் மாடி பால்கனியில் இருக்கிறது. இங்கே ஆடு ஏறாது. கொண்டுவந்தபோது இலை நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருந்தது. அக்கா அடுப்புச் சாம்பல் போட்டு வளர்த்திருக்கிறார். ரோஜாவைத் தேற்றும் சாம்பல் ரோடோடென்ட்ரானைக் கொல்லும். அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டு, மரப்பட்டை, கொஞ்சம் கரித்துண்டு கலந்து மாற்றி வைத்தேன். வேர் தலைமுடி மாதிரி மேலேயே படர்ந்திருக்கும், கிளறாதீர்கள். காலை வெயில் மட்டும் போதும். மழைத்தண்ணீர் உத்தமம், ஆனால் தொட்டியில் தேங்கக்கூடாது.

ஜொகூர் வெக்கையில் கேமரன் அசேலியா பிழைக்கும், பூக்க மனசு வைக்காது. பூ வேண்டுமென்றால் நர்சரியில் வைரேயா ரோடோடென்ட்ரான் என்று கேளுங்கள். அவை நம் பக்கத்துக் காட்டு வகைகளின் வாரிசுகள். தாழ்நிலம் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். பத்து பாகாட் பக்கம் சில நர்சரிகளில் பார்த்திருக்கிறேன். வெட்டிய கிளையைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், வேலிக்கு வெளியே எறியாதீர்கள். கடைக்காரர் சொல்லும் பெயரையும் போன் சொல்லும் பெயரையும் நம்பி எந்தச் செடியையும் வெட்டவோ தின்னக் கொடுக்கவோ வேண்டாம். ஒரு பூவைப் பிய்த்துப் பாருங்கள், ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

சாஆ போய்வந்து இரண்டு வாரம் கழித்துக் கவிதா எனக்கே போன் பண்ணினாள்.

"ஆண்ட்டி, வீடியோ கால்ல பாத்தேன். வாசல்ல நான் வாங்கிக் குடுத்த பூச்சட்டி இல்ல. கேட்டா, வெயில் படுதுன்னு வீட்டுக்குப் பின்னாடி வச்சிருக்கேன்னு அம்மா சொல்றாங்க. அன்னிக்கு நீங்க வந்துட்டுப் போனீங்களே, அது உங்க வீட்டுலயா இருக்கு?"

ஆமாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் பக்கம் எம்ஆர்டி ரயில் நிலைய அறிவிப்பு ஒன்று முழுசாக ஓடி முடிந்தது.

"நான் அன்னிக்கு அவ்வளவு திட்டுனேன் ஆண்ட்டி. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல."

"உங்கம்மா அப்படித்தான்."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "சனிக்கிழமை லீவு போட்டுட்டேன். சாஆவுக்குப் போறேன். சினை ஆட்டுக்கு என்னா வாங்கிட்டுப் போலாம்?"