கேரியரைக் கழுவிய கொலைகாரன்

இப்போது அந்தப் படத்தைக் காவியம் என்கிறார்கள். வெளிவந்தபோது அது திருச்சியில் சொற்ப நாள்கூடத் தாக்குப்பிடிக்காமல் பெட்டிக்குள் போன ஒரு ரவுடிப் படம். அதிலும் குறிப்பாக ஒரு காட்சி. கொலைகாரன் ஒரு மரக்கடை முதலாளியை அவருடைய அறையிலேயே தீர்த்துக்கட்டுகிறான். ஓடவில்லை. முதலாளிக்கு வீட்டிலிருந்து வந்த டிபன் கேரியரைத் திறந்து, தயிர்சாதத்தையும் மாவடுவையும் நிதானமாகச் சாப்பிடுகிறான். சாப்பிட்டு முடித்துக் கேரியரைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போகிறான். ஈ மொய்க்கிறது. ஒரு வார்த்தை வசனம் கிடையாது.

துவாக்குடியில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் பெண், இந்தக் காட்சியை விளக்கும் வீடியோக்களை எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். ஒருவர் தயிர்சாதத்தை வர்க்கப் போராட்டம் என்கிறார். இன்னொருவர் ஈயைப் பற்றி மட்டுமே பேசி முடிக்கிறார். நான் அடக்கமாகக் கேட்டுக்கொள்வேன். இந்தக் காட்சிக்கான முதல் ரசனைக் கூட்டம் ஸ்ரீரங்கத்தில், அடையவளைந்தான் தெருவில், எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது என்பது அவர்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்? கூட்டத்தில் படத்தைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். பார்த்திருக்கக் கூடாதவரும் அவர்தான்.

எங்கள் வீட்டில் சினிமா பார்ப்பது குற்றம், கேட்பது குற்றமில்லை. இது அப்பா இயற்றிய சட்டம். கண் கெட்டால் மனசு கெடும், காதுக்கு அந்தச் சக்தி இல்லை என்பது அவருடைய கட்சி. அந்தக் காலத்தில் படத்தின் ஒலியை அப்படியே பதிந்து, ‘கதை வசன கேசட்’ என்று விற்பார்கள். காதுகுத்து வீடுகளில் தெருவுக்கே கேட்கும்படி மைக்செட்டில் போடுவார்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு. அப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்பாள். டேப்ரெக்கார்டரை இயக்கும் உரிமை சித்தப்பாவுக்கு மட்டும். நான் ஸ்பீக்கருக்குள் புகுந்துவிடும் தூரத்தில் குப்புறப் படுத்திருப்பேன்.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, சுவரோரம் உட்கார்ந்து வெறும் விரலால் மடியிலேயே டைப் அடித்துக்கொண்டிருப்பாள். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் அருகில் டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதற்கு அனுமதி வாங்குவதற்குள் வீட்டில் ஒரு யுத்தமே நடந்து முடிந்திருந்தது. “பஸ், கிளாஸ், பஸ், வீடு. வேற எங்கயாவது உன்னைப் பார்த்தேன்னு ஒருத்தர் சொல்லட்டும், அன்னைக்கோட கிளாஸ் கட்” என்பது அப்பாவின் நிபந்தனை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பாஸானால் பாலக்கரையில் ஒரு சிமெண்ட் ஏஜென்ட் ஆபீஸில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நாற்காலியை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது எனக்குத் தெரியும். அவள் பக்கத்தில்தான் நான் தூங்குவேன். தூக்கத்திலும் என் முதுகில் டைப் அடிப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இந்தப் படத்தின் கேசட் ஓடியது. மரக்கடை முதலாளி அலறி ஓய்ந்தார். அதற்குப் பிறகு ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும். சித்தப்பா கேசட் சிக்கிக்கொண்டது என்று வெளியே எடுத்து, பென்சிலை விட்டுச் சுற்றி, மறுபடி போட்டார். மறுபடியும் ஃபேன். பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம்.

முதல் நாள் முதல் காட்சியிலேயே படத்தைப் பார்த்துவிட்டதாக என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லியிருந்த சித்தப்பா, உற்சாகத்தில் அப்பா இருப்பதை மறந்தார்.

“கேட்டியாடா? துப்பாக்கியத் திறக்கிறான். இப்ப குண்டு போடுவான் பாரு.”

ணங். ணங். ணங். ணங்.

“நாலு குண்டு!” என்றேன்.

“நாலு குண்டும் இல்ல, நாலு அடுக்கு” என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “அது டிபன் கேரியர், சின்னண்ணா. செத்தவரோட சாப்பாட்டை எடுத்து இவன் சாப்பிடுறான்.”

“உனக்கு யாரு சொன்னா?”

“சொல்லணுமா? மாவடுவை ஒரு கடி கடிச்சிட்டு இப்படிக் கண்ணை மூடுவான் பாருங்க. கொலை பண்ணினப்பகூட அவன் மூஞ்சில ஒண்ணும் தெரியாது. அந்தப் புளிப்புலதான் மொகமே மாறும். நடிப்புன்னா அது!”

அத்தை கண்ணை மூடி, இல்லாத மாவடுவைக் கடித்து, முகத்தைச் சுளித்துக் காட்டினாள். எத்தனையோ வீடியோக்கள் பார்த்துவிட்டேன். அவளைப் போல அந்தக் காட்சியை ரசித்துச் சொன்னவர் எவருமில்லை. கண்ணைத் திறந்தபோது எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“மாவடு கேசட்ல தெரியுதா?” என்றார்.

அத்தையின் மடியில் விரல்கள் நின்றுவிட்டன. சித்தப்பா படமே பார்க்கவில்லை என்பதும் அதே நொடியில் அம்பலமாகியிருந்தது. அதைக் கவனிக்கத்தான் ஆளில்லை.

“நான்தாங்க கூட்டிட்டுப் போனேன்” என்றாள் அம்மா. முறத்திலிருந்து தலை நிமிரவில்லை. “ஜவுளி எடுக்கப் போனோமே, அன்னைக்கு. வெயில் தாங்கல. தியேட்டர்ல ஃபேன் இருந்துச்சு.”

“நீயும் பார்த்தியா?”

“டிக்கெட் வாங்கிட்டுப் பார்க்காம வருவாங்களா?”

அப்பாவுக்கு உத்தியோகம் கணக்குத் தணிக்கைத் துறையில். “சரி, சொல்லு. சாப்பிட்டு முடிச்சு அவன் என்ன பண்றான்?”

முறம் ஒரு கணம் நின்றது.

“என்ன பண்ணுவான்? கேரியரைக் கழுவி, அடுக்கி, கொக்கிய மாட்டி வெச்சுட்டுத்தான் போனான்.”

“கொலைகாரனா?”

“கொலைகாரன்தாங்க. ஆனா கழுவி வெச்சான். எனக்கு அதுதான் மனசுல நின்னுச்சு. மத்ததெல்லாம் மறந்துபோச்சு.”

அப்பாவின் கேரியர் தினமும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து காய்ந்த சாம்பாரோடு திரும்பி வரும். அதை ஊறவைத்துச் சுரண்டுவது அம்மாவின் அன்றாட ஊழியம். அப்பாவின் பார்வை எங்கே போவதென்று தெரியாமல் ஃபேனுக்குப் போனது.

அப்போதும் அவர் இன்னொரு கேள்வி கேட்டிருக்கக்கூடும். அதற்குள் நான் வெடித்தேன்.

“என்ன விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் போயிட்டீங்களா!”

தரையில் புரண்டேன். காலை உதைத்தேன். உளுந்து முறத்தைத் தட்டிவிட்டேன். இவ்வளவு கலப்படமில்லாத சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடைத்திருக்காது. அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“பிள்ளைய விட்டுட்டா போவீங்க? என்ன பொம்பளைங்களோ!” என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வழக்கு முடிந்தது.

கொல்லைப்பக்கம் அத்தை அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். படம் அவ்வளவு சோகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். டைப்ரைட்டிங் தோழியோடு ஒரே ஒரு மேட்னி போயிருந்தாள் என்பதை, பாலக்கரை ஆபீஸில் அவள் உத்தியோகம் பார்த்துத் தலை நரைத்த பிறகுதான் எனக்குச் சொன்னாள். அந்த வாரம் அப்பாவின் கேரியர் பளிச்சென்று கழுவப்பட்டுத் திரும்பி வந்தது. அப்பா அந்தக் கொலைகாரனைப் பார்த்துக் கெட்டுப்போகிறார் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

அம்மாவோடு நான் பேசவில்லை. சமாதானமாக வேண்டுமானால் முழுப் படத்தையும் கதையாகச் சொல்ல வேண்டும் என்றேன். அம்மா வேறு வழியில்லாமல் சோறு ஊட்டும்போதெல்லாம் சொன்னாள். அவள் சொன்ன கதையில் கொலைகாரன் விடிவதற்குள் எழுந்து பாயைச் சுருட்டுவான். குழாயில் தண்ணீர் வந்ததும் குடத்தை அவனே தூக்குவான். கத்தியைத் துடைத்த துணியை மற்ற துணியோடு போடாமல் தனியாக அலசிக் காயப்போடுவான்.

அப்படியே பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன். அண்ணன்மார்களோடு படம் பார்த்திருந்த பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் தலையில் குட்டினான். நான் அசரவில்லை. அவர்கள் ஒருவரும் படத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. என் அம்மா நேரில் பார்த்தவள் அல்லவா.