துணி மடிக்கும் பாட்டு

சினிமாக் கொட்டகை ஆபரேட்டர் வேலையில் படம் ஓட்டுவது பாதி, படத்தை வெட்டுவது பாதி. காசு கொடுத்து உட்கார்ந்து, பாட்டு எங்கே போயிற்று என்று தேடிய சக பாவிகளே, கத்தரிக்கோல் என் கையில் இருந்தாலும் எங்கே வெட்டுவதென்று முடிவு செய்தவர்கள் வேறு.

பஸ் நேரம்

ஆரணியில் நான் வேலை பார்த்த கொட்டகைக்கு ஒருமுறை பழைய இங்கிலீஷ் படம் ஒன்று வந்தது. ஆட்டம், பாட்டு, காதல், சிரிப்பு. சலவைக் கடையில் வேலை செய்யும் ஒருவனும் ஒருத்தியும் படம் முழுக்கச் சண்டை போடுவார்கள். ஒரு பாட்டில் மட்டும் பெரிய படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிப்பார்கள். மடிக்க மடிக்க நெருங்கி வருவார்கள். கடைசி மடிப்பில் இருவர் மூக்கும் முட்டிக்கொள்ளும். சண்டை தீருவது அங்கேதான்.

மேனேஜர் பாட்டையெல்லாம் எடுக்கச் சொன்னார். படம் சீக்கிரம் விட்டால்தான் கூட்டம் வந்தவாசி பஸ்ஸைப் பிடிக்க முடியுமாம். இந்தப் பாட்டை எடுத்தால் கதையே போய்விடும், சண்டை போட்டவர்கள் அடுத்த காட்சியில் சர்ச்சில் மோதிரம் மாற்றிக்கொண்டு நிற்பார்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். ஒரு சின்ன ஆட்டத்தை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார், அதுவும் வேறு ஆட்டம். பிறகு பல் குத்திக்கொண்டே சொன்னார்: "சண்ட போட்டுகினு இருந்தவங்க கல்யாணம் பண்ணிக்கினாங்க. இதுல புரியாததுக்கு இன்னா இருக்கு?"

டீ

இங்கிலீஷ் படத்தில் இடைவேளை கிடையாது, நாமாகத்தான் விட வேண்டும். எங்கே விடுவதென்று முடிவு செய்தவர் கேன்டீன்காரர். டீ தயாரானதும் மேலே வந்து கேபின் கதவைத் தட்டுவார். உடனே விளக்கைப் போட வேண்டும். மிச்சமிருந்த ஒரே ஆட்டத்தில் கதாநாயகன் காலைத் தூக்கும்போதுதான் தினமும் அவர் தட்டுவார். பாவம், அந்த ஆள் ஒற்றைக் காலோடு இருட்டில் மறைந்துபோவான்.

ஆட்டம் முடியட்டும், போடுகிறேன் என்றேன். படம் எடுத்தவன் பைத்தியக்காரனா என்றும் கேட்டேன். அவர் அசரவில்லை. "அவன் கால கீழ வெக்கறதுக்குள்ள என் டீ ஆறிப்போயிடும். ஜல்தியா வெளக்கப் போடுய்யா."

போஸ்டர்

என் மனைவி மரகதம் வீட்டில் பட்டு நெய்தாள். சேலை தறியிலிருந்து இறங்கியதும் நானும் அவளும் ஆளுக்கொரு முனை பிடித்துத்தான் மடிப்போம். படத்தில் வரும் துரைசாணியும் நம்மைப் போலவே மடிக்கிறாள் என்று சொன்னதிலிருந்து அந்தப் பாட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவள் எதையும் ஆசைப்பட்டுக் கேட்கிறவள் அல்ல.

அதற்குள் மேனேஜர் உள்ளூரில் போஸ்டர் அடித்து ஒட்டிவிட்டார். போஸ்டர் முழுக்கக் கதாநாயகியின் வெற்று முதுகுதான். தெருப் பெண்கள் யாரும் கொட்டகைப் பக்கம் தலைகாட்டவில்லை. மரகதமும் தயங்கிப் போனாள். முதுகை நம்பி வந்த ஆண்களுக்கோ என்மேல் ஆத்திரம். ஒருவர் கேபின் வரைக்கும் ஏறி வந்துவிட்டார். "மொத்தமே ஒரு முத்தம், அதுவும் சர்ச்சுல. இதுக்காய்யா கலசப்பாக்கத்திலேர்ந்து பஸ் ஏறி வந்தேன்?"

மேனேஜரின் கை

கடைசி நாள் மாட்னிக்கு, யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று மரகதம் வந்தாள். வெட்டிய பாட்டைக் காலையிலேயே ஒட்டி வைத்திருந்தேன். பாட்டு தொடங்கியது. இருவரும் விரிப்பை உதறினார்கள். முதல் மடிப்பு முடிந்தது. கேபின் ஓட்டை வழியாகப் பார்த்தேன், மரகதம் நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜர் மூச்சிரைக்க ஏறி வந்து லென்ஸுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்தார். திரை இருண்டது. கீழே விசில். மனைவி வந்திருக்கிறாள், இன்றைக்கு மட்டும் விடுங்கள் என்றேன். அவர் கையை எடுக்காமலே சொன்னார்: "வூட்டுக்காரிக்குக் காட்டணும்னா உங்க வூட்டு செவுத்துல ஓட்டிக் காட்டு."

வீட்டுக்குப் போகும்போது மரகதம் எனக்கு முன்னால் நடந்தாள். ஆற்றுப்பாலம் தாண்டியதும் நின்றாள். "மடிச்சு முடிச்சாங்களா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

ரிமோட்

அந்தப் பாட்டைப் பார்க்காமலே மரகதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். போன மாதம் வந்தவாசியிலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். படத்தின் பெயரைச் சொன்னேன். மாப்பிள்ளை கைபேசியில் தேடி, அப்படியே டிவியில் போட்டுவிட்டார். நல்ல பிள்ளைதான். பெண் அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தபோது, திரையில் இருவரும் விரிப்பை உதறினார்கள். மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்தார். "பாட்டுதானே மாமா, தள்ளிடட்டா? பஸ்ஸுக்கு டைம் ஆவுது."

யார் கையிலிருந்தும் எதையும் பிடுங்காத நான் அந்த ரிமோட்டைப் பிடுங்கினேன். கடைசி மடிப்புவரை பாட்டு ஓடி முடிந்தபோதும், மாப்பிள்ளையின் டீயில் ஆவி பறந்துகொண்டுதான் இருந்தது.