மாமாவின் பேரில் ஒரு பஸ் தரிப்பிடம்

பத்து வயதிலேயே எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாருக்கு எந்தச் சிங்களப் போம் வந்தாலும் அதை நிரப்பிக் கொடுப்பவள் நான்தான். அடையாள அட்டையோ, பிறப்புப் பதிவோ, எதுவானாலும் என்னிடம் வரும். சிங்களம் எழுதத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு என் வேகமும் கிடையாது, என் கையெழுத்தும் கிடையாது. இதை நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்த உத்தியோகத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான்: ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது. விட்டால் போம் திரும்பி வரும். திரும்பி வந்தால் அப்பா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, டயகம பஸ்ஸில் ஏறி ஆபீசுக்குப் போய், மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். அப்படித் திரும்பி வந்த காகிதங்கள் எங்கள் ஆட்களின் பெட்டிகளில் தாத்தன் காலத்திலிருந்து கிடந்தன. நான் நிரப்பியதில் ஒன்றுகூடத் திரும்பியதில்லை. மாமா விஷயத்தில் நான் செய்த காரியத்துக்கு வேர் இந்தப் பெருமையில்தான் இருந்தது.

மாமா என்றால் அப்பாவின் தங்கை புருஷன். அத்தை எங்களுக்கு ஒரு சுவர் தள்ளி அடுத்த காம்பராவில் இருந்தாள். மாமா ஆமியில் லொறி ஓட்டினார். தோட்டத்துத் தமிழ் ஆள் ஆமியில் இருப்பது அபூர்வம். "நம்ம ஆளுங்கள சுடப் போனவன்" என்று லயத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் சோதனைக்கு ஆமிக்காரர்கள் வந்த அன்று, அந்தச் சிலர்தான் முதலில் ஓடிவந்து அத்தையின் காம்பராவில், மாமாவின் சீருடைப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டார்களாம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

யுத்தம் முடிவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், வடக்கே மாமா ஓட்டிப்போன லொறி முகாமுக்குத் திரும்பவில்லை. லொறியும் அகப்படவில்லை, ஆளும் அகப்படவில்லை. கடமையில் இருந்தபோது காணாமல் போனார் என்று ஒரு கடிதம் வந்தது. அத்தைக்கு அதை வாசித்துக் காட்டியவள்கூட நான்தான். அத்தை கேட்டுவிட்டு, கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். மறுநாள் விடியற்காலையில் எப்போதும்போலப் பெரிய குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாள்.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து லொறி ஐயா என்ற அர்த்தத்தில் நாங்கள் லொறி மாத்தயா என்று கூப்பிட்டவர் வந்தார். கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களவர், மாமாவோடு ஒரே முகாமில் லொறி ஓட்டியவர். ஆமியை விட்டு வந்து மரக்கறி லொறி வைத்திருந்தார். எங்கள் லயத்துக்குக் கீழே, பஸ் நிற்கும் வளைவில் ஒதுங்க ஒரு கூரை கிடையாது. மழை பெய்தால் நனைந்துகொண்டேதான் நிற்போம். அந்த இடத்தில் மாமா பேரில் ஒரு தரிப்பிடம் கட்ட வேண்டும் என்றார். யுத்தத்தில் இறந்த சிப்பாய்கள் பேரில் அப்படிக் கட்டுவது ஊரெங்கும் வழக்கம். ஹட்டன் வீதியில் போனால் பார்க்கலாம்: படம், பேர், அதற்குக் கீழே இரண்டு தேதி.

"எல்லா ஊர்லயும் இருக்கு அக்கா. நம்ம ஆளுக்கு மட்டும் இல்ல" என்று தன் தமிழில் சொன்னார்.

அத்தை அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். பிறகு, "கட்டுங்க. மழைக்கு நாலு பேரு நிப்பாங்க. படம் போடுங்க, பேரு போடுங்க, பொறந்த தேதி போடுங்க. அதோட நிறுத்திருங்க" என்றாள்.

சாந்து குழைக்க அப்பாவும் லயத்து ஆண்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கினார்கள். முணுமுணுத்தவர்களில் ஒருவரே கல் சுமந்தார். பலகையில் எழுத வேண்டியதை இரண்டு மொழியிலும் எழுதிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு. ஹட்டன் வீதியில் பார்த்த ஒரு பலகையை அப்படியே மாதிரியாக வைத்துக்கொண்டு, கொப்பித் தாளில் கோடு போட்டு எழுதினேன். பேர் எழுதினேன். பிறப்பு எழுதினேன். மாதிரியில் இருந்ததால் அடுத்த வரியில் மறைவு என்றும் எழுதிவிட்டேன். அதற்கு எதிரே வெறும் இடம்.

அத்தை சொன்னது மறக்கவில்லை. ஆனால் அத்தைக்கு எழுத்து தெரியாது, போம்களைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அந்த இடத்தை அப்படியே விட எனக்குக் கை வரவில்லை. மாமா காணாமல் போனதாகக் கடிதத்தில் இருந்த தேதி மனப்பாடமாக இருந்தது. எழுதினேன். ரோட்டுக்கு ஓடி மாத்தயாவிடம் கொடுத்தேன். அவர் வாசித்தார். கடைசி வரியில் விரலை வைத்து, "இது அக்கா சொன்னதா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

திறப்பு அன்று லயமே வளைவுக்கு இறங்கி வந்தது. தேங்காய் உடைத்தார்கள். பலகைக்கு மேலிருந்த துணியை அத்தைதான் இழுத்தாள். நீலப் பலகையில் மாமா தொப்பியோடு சிரித்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று அப்பா சத்தமாக வாசித்தார். பேரை வாசித்தார், பிறப்பை வாசித்தார், நின்றுவிட்டார்.

"இன்னொரு வரி இருக்கே. வாசிண்ணே" என்றாள் அத்தை.

அப்பா தணிந்த குரலில் வாசித்தார். அப்போது கங்காணியின் சம்சாரம் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "தேதியே போட்டாச்சு. இனி அவளுக்குப் பொட்டு எதுக்கு?" என்றாள். கெட்ட மனதோடு சொல்லவில்லை. நல்லது கெட்டதுக்கு முறை சொல்பவள் அவள்தான். ஆனால் எல்லோருடைய கண்ணும் அத்தையின் நெற்றிக்குப் போனது. அத்தையின் கையும் அங்கேதான் போனது.

"யாரு குடுத்தது இந்தத் தேதிய?"

மாத்தயா என்னைப் பார்த்தார். நான் தரையில் கிடந்த தேங்காய்ச் சில்லைப் பார்த்தேன்.

"என்னோட பிழை அக்கா" என்றார் மாத்தயா. "நான்தான் பெயின்ட்காரனுக்குச் சொன்னேன்."

அத்தை அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்து, சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து, விரல் நிறைய எடுத்து அந்த வரி முழுவதையும் பூசி மறைத்தாள். சிங்களத்தில் இருந்ததையும் விடவில்லை.

"போட்டவங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியாது" என்றாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "மழை வருது. எல்லாரும் உள்ள வந்து நில்லுங்க."

எல்லோரும் நெருக்கியடித்து உள்ளே போனோம். கங்காணி சம்சாரத்துக்கு அத்தையே நகர்ந்து இடம் விட்டாள்.

அடுத்த வாரம் மாத்தயா ஒரு பெயின்ட் டப்பாவோடு வந்து சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, அந்த வரிக்கு மேல் நீலம் அடித்தார். நீலம் பொருந்தவில்லை. அந்த வரி இருந்த இடம் இன்றைக்கும் வேறு நீலமாகத்தான் இருக்கிறது. சிங்கள ஆள் விளங்காமல் தேதி போட்டுவிட்டான் என்று லயத்தில் கொஞ்ச நாள் பேசினார்கள். அவர் எங்களிடம் வரும்போதெல்லாம் அந்தப் பேச்சையும் சேர்த்துக் கேட்டுவிட்டுத்தான் போனார். தப்பித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே நிம்மதி. பலகை பாழாகிவிட்டதே என்று கொஞ்சம் கோபமும் இருந்தது.

அந்த மழைக்காலம் முடியுமுன் அத்தை ஒரு போமை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். காணாமல் போன சிப்பாய்களின் குடும்பங்களுக்கு ஆமி ஆபீசிலிருந்து அனுப்பியிருந்தார்கள். கணவர் உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா, ஒன்றில் அடையாளம் போடச் சொல்லி இரண்டு கட்டங்கள் இருந்தன. வாசித்துக் காட்டினேன். அத்தை இரண்டு கட்டத்தையும் சேர்த்துத் தன் விரலால் மூடினாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்.

"இத விட்டுட்டு அடுத்ததுக்குப் போ பாப்பா."

நான் அடுத்த கேள்விக்குப் போகும்வரை அவள் விரலை எடுக்கவில்லை.

பதினைந்து நாளில் அது திரும்பி வந்தது. விடுபட்ட இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். நான் நிரப்பியதில் திரும்பி வந்த முதல் போம். அழுகையே வந்துவிட்டது. அத்தை கலங்கவில்லை. புது உறை வாங்கி, அதையே உள்ளே வைத்து மறுபடி அனுப்பச் சொன்னாள். அதற்குப் பிறகும் ஒரு முறை வந்தது, ஒரு முறை போனது.

அத்தைக்கு இந்த விஷயமெல்லாம் விளங்காது, நான்தான் பொறுத்துப்போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சிங்களம் எழுதத் தெரிந்தவர்கள் லயத்தில் இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது, அந்தப் போமை அவள் ஏன் என்னிடமே கொண்டுவந்தாள் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.