ரொக்ஸ்பரோ மைதானத்தில் எங்கள் மனேஜருக்காக ஒரு பந்து

கடந்த ஆகஸ்ட் மாதம் ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு ஒரு வார இறுதி போய்வந்தோம். ஊர் பார்க்கப் போன பயணம் அல்ல. சிறுவயதில் எங்களுக்கு பேஸ்பால் பழக்கிய ஜெரார் வசந்தகாலத்தில் காலமாகிவிட்டார். அவருடைய நினைவாக மொன்றியலின் மேற்குப் பக்கம் ரொக்ஸ்பரோவில் ஒரு ஆட்டம் வைக்கிறோம், பழைய பிள்ளைகள் வரவேண்டும் என்று அவருடைய மனைவி மிஷெலின் தொலைபேசியில் அழைத்தார்.

கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒரு விளக்கம். கிரிக்கெட்டில் அணித்தலைவர் மைதானத்துக்குள் நின்று எடுக்கிற முடிவுகளை பேஸ்பாலில் மனேஜர் வெளியே நின்று எடுப்பார். யார் பந்து எறிவது, யாரை எப்போது இறக்குவது, எல்லாம் அவர் சொல்தான். ஜெரார் பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார், மாலையில் ரொக்ஸ்பரோ இளைஞர் அணிக்கு மனேஜர். மன்னாரிலிருந்து வந்து இறங்கிய எங்களுக்கு அந்த விளையாட்டும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. இரண்டையும் அவர்தான் பழக்கினார். அண்ணை அன்ரன் பந்து எறிவார். நான் எதிரே குந்தியிருந்து அதைப் பிடிப்பேன்.

எனக்கு வலது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்து அதிக காலம் ஆகவில்லை. நீண்ட தூரம் கார் ஓட்ட முடியாது. அண்ணையைக் கேட்டேன்.

"கார் ஓட்ட வாறன். கிரவுண்டுக்கு வரமாட்டன். அதைப் பற்றிப் பேந்தும் கேக்காதை," என்றார்.

ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் சுமார் 540 கிலோமீற்றர். வெள்ளி மதியம் ஒரு மணிக்குப் புறப்பட்டோம். நெடுஞ்சாலை 401இல் கிங்ஸ்ரன் வரை நெரிசல். அண்ணை வானொலியைக்கூடப் போடவில்லை. நான் ஜெராரின் பெயரைச் சொன்ன ஒரே தடவை, கண்ணாடியை இறக்கிக் காற்றிரைச்சலை உள்ளே விட்டார்.

அவருடைய கோபத்துக்குக் காரணம் உண்டு. அண்ணைக்குப் பதினேழு வயதில் எங்கள் அணி இறுதியாட்டத்துக்குப் போனது. அவர் எறிவதைப் பார்க்க ஒரு அமெரிக்கக் கல்லூரியிலிருந்து ஆள் வந்திருந்தார். உதவித்தொகையோடு படிக்க இடம் கிடைக்கலாம் என்று பேச்சு. கடைசிச் சுற்றான ஏழாவது இன்னிங்ஸில் நாங்கள் முன்னிலையில் இருந்தபோது தூரத்தில் இடி முழங்கியது. நடுவர், "இன்னும் ஐந்து நிமிடம், முடித்துவிடலாம்," என்றார். ஜெரார் கேட்கவில்லை. எறியும் மேட்டுக்கு நடந்து போய் அண்ணையின் கையிலிருந்த பந்தை வாங்கி, எல்லாரையும் பஸ்ஸுக்குள் ஏற்றிவிட்டார். மைதானத்தை விட்டுப் போனதால் நாங்கள் தோற்றதாக அறிவித்தார்கள். மின்னல் விழவேயில்லை. அரை மணி நேரத்தில் வெயில் எறித்தது. வந்த ஆள் திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த வருடம் ஜெராரை அந்த அணியிலிருந்து நீக்கினார்கள். அதன்பிறகு சாகும்வரை ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் அணிக்குத்தான் அவர் மனேஜர். நகரத்தின் பெரிய அணி மொன்றியலை விட்டுப் போய் பேஸ்பாலை எல்லோரும் மறந்த வருடங்களிலும் அந்தக் குட்டி அணி இருந்தது. அண்ணை மட்டும் பிறகு ஒருநாளும் பந்தைத் தொடவில்லை. இப்போது ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரத்தில் குளிரூட்டி திருத்துகிறார்.

கியூபெக் எல்லை தாண்டியதும் 401 என்பது 20ஆம் இலக்கச் சாலையாகிறது, பலகைகள் பிரெஞ்சுக்கு மாறுகின்றன. இரவு எட்டு மணிக்கு முன்பே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் மச்சாள் வீட்டில் இறங்கினோம். கடைசிச் சந்தியில் சிவப்பு விளக்கில் அண்ணை வலப்பக்கம் திருப்பப் போக, பின்னாலிருந்தவர் ஹோர்ன் அடித்துத் தீர்த்துவிட்டார். மொன்றியல் தீவில் சிவப்பில் வலப்பக்கம் திரும்பக்கூடாது. ரொறன்ரோக்காரர் எல்லோரும் பிழைவிடும் இடம்.

சனி காலை பூ வாங்க ஜான்-டலோன் சந்தைக்குப் போனோம். அங்கே அண்ணை கார்த் திறப்பை என் கையில் வைத்தார்.

"நீ ஒரு டக்சி பிடிச்சுப் போ. நான் இஞ்சயே சுத்திக்கொண்டு நிக்கிறன்."

"திறப்பை என்னட்டத் தந்திட்டு டக்சியில போகச் சொல்லுறீங்கள்."

அவர் திறப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தக்காளிக் கடையையே பார்த்துக்கொண்டு நின்றவர், "சரி, வா. கொண்டுபோய் விடுறன். இறங்கமாட்டன்," என்றார்.

ரொக்ஸ்பரோ மைதானத்தில் இருநூறு பேர்வரை கூடியிருந்தார்கள். குட்டி அணியில் விளையாடி வளர்ந்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளோடு அலுமினிய வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணை சொன்னபடியே காருக்குள் இருந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டு.

மிஷெலின் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு என் தோளுக்கு மேலாகக் காரைப் பார்த்தார். எழுபது வயதுக்கு மேல். ஒன்றும் கேட்காமல் புல்லைக் கடந்து நடந்துபோய்க் கண்ணாடியில் தட்டினார். நான் நொண்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். கண்ணாடி பாதிதான் இறங்கியது.

"அன்ரன், முதல் பந்தை நீ எறிய வேண்டும்," என்றார் பிரெஞ்சில்.

"மடாம், அவருக்காக எறிய நான் வரவில்லை."

"தெரியும். எனக்காக எறி."

அண்ணை இறங்கினார்.

உரைகள் முடிய நேரமாகிவிட்டது. அண்ணை மேட்டில் நின்றார். முழங்கால் மடியாது என்பதால் நான் கையுறையோடு நின்றபடியே காத்திருந்தேன். ஆற்றுப்பக்கம் வானம் ஈயம்போல் கறுத்திருந்தது. பேஸ்பால் கழகத் தலைவர் ஒலிவாங்கியில் அண்ணையின் பெயரைச் சொல்லும்போதே மேற்கில் ஒரு முழக்கம். பெரிதாக இல்லை. லொறி ஒன்று பாலம் தாண்டியது என்றுகூட நினைக்கலாம்.

"ஐந்தே நிமிடம்," என்றார் தலைவர் சிரித்தபடி. "எறியுங்கள், முடித்துவிடலாம்."

யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். அண்ணை அசையவில்லை. பந்தை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டு நின்றார். எறிந்தால் ஒரு வினாடி வேலை. எறியட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன்.

"டேய் ஜூட், உனக்கும் கேட்டதோ?"

"ஓம் அண்ணை."

அவர் பந்தைக் காற்சட்டைப் பைக்குள் போட்டார். மேட்டிலிருந்து இறங்கி நேரே வாங்குகளை நோக்கி நடந்தார். "எல்லாரும் காருக்குள் போங்கள்! பிள்ளைகள் முதலில்! கம்பி வேலியைத் தொடவேண்டாம்!" என்று பிரெஞ்சில் கத்தினார். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மிஷெலின் எழுந்து நடக்கத் தொடங்கியதும் தலைவர் ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்.

கார்க் கதவுகள் சாத்தி முடியுமுன் மழை கொட்டியது. மிஷெலின் எங்கள் காரின் பின்னிருக்கையில் ஏறினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தோம். கண்ணாடிகள் ஆவி படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. கடைசியில் அண்ணை திரும்பாமலே கேட்டார்.

"அண்டைக்கு ஆட்டத்தை விட்டு எங்களைக் கொண்டுபோனதுக்கு அவர் கவலைப்பட்டவரோ எண்டு கேள்," என்றார் என்னிடம். பிரெஞ்சு அவருக்கு நன்றாகவே வரும். ஆனாலும் என்னைக் கேட்கச் சொன்னார். நான் கேட்டேன்.

"கொண்டுபோனதற்கு இல்லை," என்றார் மிஷெலின். "மன்னிப்புக் கேட்டால் மனேஜராகவே வைத்திருப்போம் என்று கழகத்தில் சொன்னார்கள், மறுத்துவிட்டார். ஆனால் அன்ரனை நினைத்து ஒவ்வொரு கோடையும் கவலைப்பட்டார். போய்ப் பேசுங்கள் என்று நான் சொல்வேன். அதற்கு அவர், பேசினால் அவன் 'பரவாயில்லை' என்று சொல்லவேண்டி வரும், ஆனால் அவன் இழந்தது பரவாயில்லாத ஒன்று இல்லையே, என்னோடு கோபமாகவே இருக்கட்டும் என்பார்."

அண்ணை கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். மழை விட்டு மேகம் கிழிந்து, நனைந்த புல்லில் வெளிச்சம் விழுந்திருந்தது. மைதானத்தில் எதுவும் ஆகவில்லை.

"இன்றைக்கும் மின்னல் விழவில்லை, மடாம்," என்றார் பிரெஞ்சில்.

மிஷெலின் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அண்ணை பின்னால் கை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாதிப் பேர் போய்விட்டார்கள். ஆட்டம் நடக்கவில்லை, தரை முழுக்கச் சேறு. இருந்தவர்கள் சுற்றி நிற்க அண்ணை மேட்டில் ஏறி எறிந்தார். பந்து எனக்கு ஒரு முழம் முன்னாலேயே சேற்றில் விழுந்து நின்றுவிட்டது. குனிய முடியாமல் நான் தடுமாற, எல்லோரும் கைதட்டினார்கள். கோடுகளைச் சுற்றி ஓடிச் சறுக்கி விழுந்த பிள்ளைகளை யாரும் தடுக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வெள்ளி மதியத்தைத் தவிருங்கள், காலையில் புறப்பட்டால் ஆறு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். எங்கள் காருக்குப் போகவரப் பெற்றோல் செலவு நூற்றைம்பது டொலருக்குக் கிட்ட. ஜான்-டலோன் சந்தைக்கு மெற்றோவில் போவது நல்லது, சனிக்கிழமை கார் நிறுத்தக் கிடைக்காது. ரொக்ஸ்பரோவுக்கு ரயில் இருக்கிறது, வார இறுதி நேரங்களை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கடையிலும் ஒரு "பொன்ஜூர்" சொல்லித் தொடங்குங்கள், மிச்சம் ஆங்கிலத்தில் நடக்கும். கோடையில் போனாலும் மாற்றுச் சப்பாத்து ஒன்று காரில் இருக்கட்டும்.

இந்தப் பயணத்தில் அண்ணை ஜெராரை மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஞாயிறு திரும்பும் வழியில் கிங்ஸ்ரன் தாண்டி ஒரு தரிப்பிடத்தில் கோப்பிக்கு நிறுத்தினோம். அண்ணை வெளியே நின்று ரொறன்ரோவிலிருக்கும் மகளுக்கு அழைப்பு எடுத்தார்.

"பிள்ளை, அப்பா முந்தி பேஸ்பால் விளையாடினனான் எண்டு உனக்கு எப்பவாவது சொன்னனானோ?"

அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. அண்ணை காரைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி, வலது கையை வீசி வீசிக் காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை நான் உள்ளேயே இருந்தேன். இரண்டு கோப்பியையும் நானே குடித்தேன்.